ஊர்ல சும்மா நிக்கிற அப்பாவோட பழைய பிக்கப்: ஓட வைக்கலாமா, வித்துடலாமா, உடைக்கக் கொடுக்கலாமா?



நம்ம சேனல்ல பழைய கார் வாங்குறது பத்தி எப்போ வீடியோ போட்டாலும், கீழ ஒரு கேள்வி தவறாம வரும். "ப்ரோ, ஊர்ல எங்க அப்பாவோட பழைய பிக்கப் ஒண்ணு நாலு வருஷமா நிக்குது. ரெடி பண்ணா ஓடும்னு மெக்கானிக் சொல்றாரு. பண்ணலாமா?"

ஒருத்தர் வீட்ல டாடா 207, இன்னொருத்தர் வீட்ல பொலிரோ பிக்கப், வேற ஒருத்தர் வீட்ல குட்டி யானை. வண்டி மாறுது, கதை ஒண்ணுதான். அப்பா கடைக்கோ தோட்டத்துக்கோ ஓட்டினது. வயசாச்சு, இல்ல தொழிலை நிறுத்திட்டாரு. வண்டி வேப்ப மரத்தடியில நின்னுடுச்சு. இப்போ பையனோ பொண்ணோ சென்னையிலயோ பெங்களூர்லயோ சம்பளத்துக்கு இருக்காங்க. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குப் போகும்போது அந்த வண்டியைப் பார்த்தா மனசு கேக்கல.

இந்தக் கேள்விக்கு பெரும்பாலும் மெக்கானிக் கோணத்துலதான் பதில் கிடைக்கும். "இன்ஜின் நல்லா இருக்கு தம்பி, பண்ணிடலாம்"னு. ஆனா பர்ஸைத் திறக்குறது நீங்க. அதனால இந்தக் கட்டுரையில ரெண்டையும் சேர்த்துப் பார்ப்போம்: வண்டி எப்படி உயிர் பெறும், அதுக்கு உண்மையில எவ்வளவு ஆகும்.

சுருக்கமான பதில் முதல்லயே சொல்லிடுறேன். ரெடி பண்ணி விக்கலாம்னு நினைச்சா, பெரும்பாலும் உழைப்புக்கு ஏத்த லாபம் நிக்காது. மாசாமாசம் நிஜமான வேலை இருந்தா மட்டும்தான் கணக்கு ஒத்து வரும். எந்த முடிவா இருந்தாலும், செலவை ஒரே மூச்சுல பண்ணாம படிப்படியா பண்ணணும். ஏன்னு பார்ப்போம்.

படி 1: போனட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி பேப்பரைத் திறங்க (செலவு: பூஜ்யம்)

எல்லாரும் முதல்ல பேட்டரி வாங்கிட்டுப் போயிடுவாங்க. வேண்டாம். முதல்ல மொபைலை எடுங்க. எம்பரிவாகன் ஆப்ல, இல்ல பரிவாகன் இணையதளத்துல வண்டி நம்பரைப் போட்டு அஞ்சு விஷயம் பாருங்க.

1. எஃப்.சி. எப்போ முடிஞ்சுது?
பிக்கப் சரக்கு வண்டி. அதனால காருக்கு மாதிரி 15 வருஷம் கவலை இல்லாம இருக்க முடியாது. 8 வயசு வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு முறை, அதுக்கு மேல வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். மோட்டார் வாகனச் சட்டத்தோட 56-வது பிரிவுப்படி, எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டிக்கு செல்லுபடியாகும் பதிவே இல்லைன்னு அர்த்தம். ஆர்.சி. புக் கையில இருந்தாலும் அதே கதைதான்.

இங்கதான் பெரிய அடி இருக்கு. மத்திய அரசு 2021 அக்டோபர்ல திருத்தி, 2022 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறைக்கு வந்த விதிப்படி, எஃப்.சி. முடிஞ்ச பிறகு தாமதமாகுற ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம். 50 ரூபாய்தானேன்னு தோணும். வருஷத்துக்கு 18,250 ரூபாய். மூணு வருஷம்னா 54,750. இந்த மாதிரி தாமதக் கட்டணத்தை எதிர்த்து வழக்குகளும் நடந்திருக்கு. அதனால உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல "என் வண்டிக்கு இப்போ எவ்வளவு காட்டுது?"ன்னு கேட்டு, அந்த எண்ணை வெச்சு மட்டும் கணக்குப் போடுங்க. 15 வயசு தாண்டின வண்டிக்கு எஃப்.சி. கட்டணமே பல மடங்கு அதிகம். அதையும் சேர்த்துக் கேளுங்க.

2. சாலை வரி எதுவரைக்கும் கட்டியிருக்கு?
வண்டியோட எடையைப் பொறுத்து ஆயுள் வரியா, காலாண்டு வரியான்னு மாறும். காலாண்டு வரி வண்டின்னா, ஓட்டாம நிறுத்தப் போறோம்னு முன்கூட்டியே ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்திருந்தா அந்தக் காலத்துக்கு வரி விலக்கு கேக்க முடியும். எழுதிக் கொடுக்காம சும்மா நிறுத்தியிருந்தா, வரியும் அபராதமும் சேர்ந்து நிக்க வாய்ப்பு இருக்கு. அப்பா அப்படி ஏதாவது எழுதிக் கொடுத்தாரான்னு பழைய ஃபைலைத் தேடுங்க. அந்த ஒரு பேப்பர் ஆயிரக்கணக்குல மிச்சம் பண்ணலாம்.

3. ஃபைனான்ஸ் பேரு இன்னும் இருக்கா?
கடன் எப்பவோ கட்டி முடிச்சிருப்பாங்க. ஆனா ஆர்.சி.யில ஃபைனான்ஸ் கம்பெனி பேரு அப்படியே இருக்கும். தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து அந்தப் பேரை நீக்கினாதான் விக்கவோ, பேர் மாத்தவோ, முறைப்படி உடைக்கவோ முடியும். கடன் கொடுத்தது சின்ன கம்பெனியா இருந்து, இப்போ மூடியிருந்தாங்கன்னா, இது ஒண்ணே பல மாச அலைச்சல்.

4. வண்டி யார் பேர்ல இருக்கு?
அப்பா பேர்ல இருக்கு, அப்பா இருக்காருன்னா பிரச்சினை இல்ல. அவர் கையெழுத்துப் போட்டா போதும். அவர் இல்லைன்னா, மத்ததுக்கெல்லாம் முன்னாடி பெயர் மாற்றம். விதிப்படி 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு, 3 மாசத்துக்குள்ள படிவம் 31 கொடுத்து வாரிசு பேருக்கு மாத்தணும். அந்தக் காலம் தாண்டியிருந்தாலும் மாத்தாம விடாதீங்க. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுகளோட சம்மதம் எல்லாம் தேவைப்படும். அண்ணன், அக்கா, தங்கச்சி இருந்தா இப்பவே பேசிடுங்க. நீங்க ரெண்டு லட்சம் செலவு பண்ணி முடிச்ச பிறகு "அது அப்பா வண்டி, எனக்கும் பங்கு இருக்கு"ன்னு பேச்சு வந்தா ரெண்டு பக்கமும் சங்கடம்.

5. இன்சூரன்ஸ்.
நாலு வருஷமா கட்டலைன்னா நோ கிளெய்ம் போனஸ் எல்லாம் போயாச்சு. அது பாலிசி முடிஞ்சு 90 நாள்லயே போயிடும். புதுசா எடுக்கணும். 7,500 கிலோ வரைக்கும் மொத்த எடை உள்ள சரக்கு வண்டிக்கு, 2022-ல அறிவிச்ச மூன்றாம் நபர் பிரீமியம் வருஷத்துக்கு 16,049 ரூபாய். வரி தனி. காருக்குக் கட்டுற தொகையை மனசுல வெச்சுக்கிட்டுப் போனா அதிர்ச்சியாயிடுவீங்க.

ஒரு நல்ல செய்தி: மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருந்தா சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. ஆர்.சி.யில எடையைப் பாருங்க.

இந்த அஞ்சையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டுங்க. இந்தத் தொகையே வண்டியோட மதிப்பைத் தொட்டுட்டா, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்ல.

படி 2: மெக்கானிக் ஒரு நாள் வந்து பார்க்கட்டும் (சில ஆயிரம் ரூபாய்)

பேப்பர் கணக்கு தாங்கும்னா அடுத்தது இது. ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பா சொல்லிடுங்க: யாரும் உடனே செல்ஃப் அடிக்கக் கூடாது. ஊர்ல நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னு வருவாங்க. அதுவும் கூடாது.

காரணம் எளிமையானது. வருஷக் கணக்குல நின்ன இன்ஜின்ல ஆயில் முழுக்க கீழ சம்புக்கு இறங்கியிருக்கும். பிஸ்டனும் சிலிண்டர் சுவரும் காய்ஞ்சிருக்கும், லேசா துருவும் பிடிச்சிருக்கலாம். அந்த நிலையில வேகமா சுத்த விட்டா உள்ள கீறல் விழும். சில ஆயிரத்துல முடியவேண்டிய வேலை, இன்ஜினைப் பிரிச்சு போர் வேலை வரைக்கும் போயிடும்.

சரியான முறை இப்படி:

- ஹீட்டர் பிளக்கையோ நோசிலையோ கழட்டி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சமா ஆயில் விட்டு, ஒண்ணு ரெண்டு நாள் ஊற விடணும்.
- அப்புறம் கிராங்க் புல்லியில ஸ்பேனர் போட்டு, இன்ஜினைக் கையாலயே ரெண்டு முழு சுத்து சுத்திப் பார்க்கணும். தடையில்லாம சுத்தினா பெரிய நிம்மதி. சுத்தலைன்னா பலம் போட்டுத் திருப்பக் கூடாது.
- பிளக்கைத் திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி இன்னும் சில சுத்து சுத்தி, உள்ள நிக்கிற ஆயிலை வெளிய தள்ளிடணும். இல்லைன்னா அது உள்ளயே அடைச்சு கனெக்டிங் ராடை வளைச்சிடும்.

அதே நாள்ல இன்னும் மூணு விஷயம் பார்க்கச் சொல்லுங்க.

சேசிஸ்: வண்டிக்கு அடியில படுத்து, சுத்தியலால லேசா தட்டிப் பார்க்கணும். மேல்துரு பரவாயில்ல. ஓட்டை விழுந்திருந்தா, குறிப்பா பின்பக்கம் பிளேட் கட்டு மாட்டுற இடத்துல, அங்கயே நிறுத்திடுங்க. கடலோர ஊர்னா இதுக்கு ரெண்டு மடங்கு கவனம்.

வயரிங்: நின்ன வண்டி எலிக்கு வீடு. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள்ள கூடு கட்டியிருக்கும், வயரைக் கடிச்சிருக்கும். பழைய சாதா டீசல் இன்ஜினா இருந்தா வயரிங் கம்மி, உள்ளூர் எலக்ட்ரீஷியனே சரி பண்ணிடுவாரு. கம்ப்யூட்டர் வெச்ச காமன் ரெயில் இன்ஜினா இருந்தா செலவு வேற லெவல்.

டேங்க்: மூடியைத் திறந்து மோந்து பாருங்க. பழைய டீசல் வார்னிஷ் மாதிரி நாறும். டேங்க் அடியில தண்ணி சேர்ந்திருந்தா, தண்ணியும் டீசலும் சேருற இடத்துல கிருமி வளர்ந்து கறுப்பா, வழவழன்னு ஒரு படிவம் இருக்கும். அது பம்புக்குப் போனா செலவு பல ஆயிரம்.

இந்த நாள் முடிஞ்சதும் உங்க கையில ஒரு லிஸ்ட் இருக்கும். இதுவரைக்கும் போனது சில ஆயிரம்தான். இங்க நிறுத்தினாலும் நஷ்டம் இல்ல.

படி 3: முதல்ல ஓடட்டும், அப்புறம் நிக்கட்டும், கடைசியா அழகு

நிறைய பேர் தலைகீழா பண்றாங்க. முதல்ல புது டயர், அப்புறம் பெயிண்ட், சீட் கவர். அதுக்கு அப்புறம்தான் கியர் பாக்ஸ் போயிருக்குன்னு தெரியும். அப்போ நிறுத்தவும் முடியாது. "இவ்வளவு போட்டாச்சே"ன்னு இன்னும் போடுவாங்க. ஷேர்ல விழுந்துக்கிட்டே இருக்குற பங்கை ஆவரேஜ் பண்ற அதே புத்திதான் இது.

வரிசை இப்படி இருக்கட்டும்.

முதல்ல ஸ்டார்ட்: டேங்கைக் கழட்டிக் கழுவி, புது டீசல் ஊத்தி, டீசல் ஃபில்டர் மாத்தி, லைன்ல ஏர் எடுக்கணும். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் புதுசு. ரேடியேட்டர்ல பழைய தண்ணியை இறக்கி, கூலன்ட் மாத்தி, ஹோஸ் வெடிச்சிருக்கான்னு பார்க்கணும். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்னா அதையும் மாத்தணும். பேட்டரிக்கு முதல்ல இரவல் பேட்டரி போதும், வாங்காதீங்க. முதல்ல டீசல் போகாத மாதிரி வெச்சு, ஆயில் லைட் அணையுற வரைக்கும் விட்டுவிட்டு செல்ஃப் அடிச்சு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணணும். பழைய டீசல் இன்ஜின் சில சமயம் கட்டுப்பாடில்லாம வேகம் ஏறும். காத்து போற வழியை அடைக்க ஒரு பலகை பக்கத்துல இருக்கட்டும்.

ஸ்டார்ட் ஆச்சா? அரை மணி நேரம் ஓட விடுங்க. சூடு ஏறுதா, என்ன நிறத்துல புகை, எங்கயாவது ஒழுகுதா பாருங்க. லேசா நீலப் புகை முதல்ல வந்து அடங்கிடலாம். அடங்காம வந்துக்கிட்டே இருந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். அப்போ நிறுத்தி, திரும்பக் கணக்கைப் பாருங்க.

அடுத்து பிரேக்: இதுல ஒரு பைசா மிச்சம் பிடிக்காதீங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும். அந்த ஈரத்துல மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாம் உள்ளயே துரு பிடிச்சு இறுகியிருக்கும். ரப்பர் கிட் மாத்தணும், தேவைன்னா சிலிண்டரே மாத்தணும், லைனிங்கைப் பார்க்கணும். ஹேண்ட் பிரேக் போட்டபடியே நிறுத்தியிருந்தா டிரம்மோட ஒட்டியிருக்கும். கிளட்ச் பிளேட்டும் இதே மாதிரி ஃப்ளைவீல்ல ஒட்டிக்கும்.

அடுத்து டயர்: பட்டன் நல்லா இருக்குன்னு ஏமாறாதீங்க. டயர் பக்கவாட்டுல தயாரிப்புத் தேதி நாலு இலக்கமா இருக்கும். 2317-ன்னா 2017-ம் வருஷத்தோட 23-வது வாரம். வெயில்ல வருஷக் கணக்கா ஒரே இடத்துல நின்ன டயர் பக்கவாட்டுல வெடிச்சிருக்கும். லோடு ஏத்தினா ரோட்ல வெடிக்கும்.

கடைசியா எஃப்.சி. வேலை: டிங்கரிங், பெயிண்ட், லைட், ரிஃப்ளெக்டர் டேப், புகைச் சான்று.

பாடி பார்ட்ஸ், கியர் பாக்ஸ், கதவு மாதிரி பொருளுக்கு சென்னை புதுப்பேட்டை போல பழைய பார்ட்ஸ் கிடைக்குற இடத்துல பாதி விலைக்குத் தேறும். ஆனா பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழசா வாங்காதீங்க.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் இல்லாம "ஒர்க் ஷாப் வரைக்கும்தானே"ன்னு ரோட்ல ஓட்டாதீங்க. ரெக்கவரி வண்டியில ஏத்திக் கொண்டு போங்க. அந்தச் செலவையும் பட்ஜெட்ல சேருங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

கீழ இருக்குற எண்கள் ஒரு உதாரணத்துக்காக நான் வெச்சது. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கோங்க. 12 வயசு வண்டி, எஃப்.சி. முடிஞ்சு 3 வருஷம் ஆச்சுன்னு வெச்சுக்குவோம்.

*பேப்பர் செலவு:*

- எஃப்.சி. தாமதக் கட்டணம்: 54,750
- இன்சூரன்ஸ், வரியோட: 17,000
- எஃப்.சி. கட்டணம், புகைச் சான்று, இதர செலவு: 5,000
- மொத்தம்: 76,750

*வண்டி வேலை:*

- டேங்க், பம்ப், நோசில்: 12,000
- ஆயில், ஃபில்டர், கூலன்ட்: 6,000
- பேட்டரி: 8,000
- பிரேக்: 10,000
- கிளட்ச்: 9,000
- நாலு டயர்: 28,000
- டிங்கரிங், பெயிண்ட்: 25,000
- ரெக்கவரி வண்டி, இதர கூலி: 7,000
- மொத்தம்: 1,05,000

பழைய வண்டியில எதிர்பாராத செலவு வந்தே தீரும். வண்டி வேலைக்கு மேல 20 சதவீதம், அதாவது 21,000 சேர்த்துக்கோங்க. ஆக மொத்தம் 2,02,750 ரூபாய்.

*ரெடி பண்ணி வித்தா?*

ஓடுற நிலையில, எஃப்.சி.யோட 2,75,000-க்குப் போகுதுன்னு வெச்சா, கையில நிக்கிறது 72,250. அதே வண்டியை இன்னைக்கு நிக்கிற நிலையில 70,000-க்கு ஒருத்தர் கேக்குறாருன்னா? வித்தியாசம் வெறும் 2,250 ரூபாய். அதுக்காக மூணு நாலு மாசம் அலைச்சல், லீவு, பஸ் செலவு, டென்ஷன். "நின்ன வண்டிக்கு என்ன கிடைக்கும்?"னு முதல்லயே விசாரிக்காம யாரும் வேலையை ஆரம்பிக்கக் கூடாதுன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

*வேலைக்கு வெச்சுக்கிட்டா?*

இங்க உங்க உண்மையான முதலீடு 2,02,750 மட்டும் இல்ல. இன்னைக்கே வித்தா வந்திருக்கக் கூடிய 70,000-ஐயும் சேர்க்கணும். ஆக 2,72,750. வாடகை வண்டி ஒரு நடைக்கு 2,000, சொந்த வண்டியில டீசல் ஒரு நடைக்கு 600, ஓட்டுறது வீட்டு ஆளேன்னு வெச்சுப் பார்ப்போம். வருஷா வருஷம் இன்சூரன்ஸ் 17,000, எஃப்.சி. வேலை 15,000.

- மாசம் 2 நடை: வாடகைக்கு எடுத்தா வருஷத்துக்கு 48,000. சொந்த வண்டின்னா டீசல் 14,400, பராமரிப்பு 15,000 சேர்த்து 61,400. நஷ்டம்.
- மாசம் 6 நடை: வாடகை 1,44,000. சொந்த வண்டி, பராமரிப்பு 20,000-ஓட 95,200. மிச்சம் 48,800. போட்ட பணம் திரும்ப அஞ்சரை வருஷத்துக்கு மேல ஆகும்.
- மாசம் 10 நடை: வாடகை 2,40,000. சொந்த வண்டி, பராமரிப்பு 30,000-ஓட 1,34,000. மிச்சம் 1,06,000. ரெண்டரை வருஷத்துல பணம் திரும்பிடும்.

அதனால கேக்க வேண்டிய கேள்வி "வண்டி ஓடுமா?" இல்ல. "மாசம் எத்தனை நடை?" தம்பி தோட்டம் பார்க்குறான், மாமா கடை வெச்சிருக்காரு, வாரத்துக்கு ரெண்டு மூணு நடை நிச்சயம்னா பண்ணுங்க. "எப்பவாவது தேவைப்படும்"னா வாடகை வண்டியே மலிவு.

உடைக்கக் கொடுக்கிறதுன்னா?

எங்க சேனல்ல வர்ற இன்னொரு சந்தேகம்: "15 வருஷம் ஆயிட்டா கட்டாயம் உடைக்கணுமா?" டெல்லி சுற்றுவட்டாரத்துக்கான 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் கட்டுப்பாட்டை நம்ம ஊருக்கும் சேர்த்து நினைச்சுக் குழப்பிக்கிறாங்க. தமிழ்நாட்டுல தனியார் வண்டி எஃப்.சி. பாஸ் ஆகுற வரைக்கும் ஓடலாம். 15 வருஷத்தோட பதிவு ரத்துங்கறது அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல்ல வந்த விதி.

உடைக்கிறதுன்னு முடிவு பண்ணா, பழைய இரும்புக் கடைக்கு அப்படியே எடை போட்டுக் கொடுக்காதீங்க. அரசுப் பதிவு பெற்ற உடைப்பு மையத்துல கொடுத்தா வைப்புச் சான்றிதழ் கிடைக்கும். 2021-ல வந்த கொள்கைப்படி, புது வண்டியோட ஷோரூம் விலையில சுமார் 4-லிருந்து 6 சதவீதம் வரைக்கும் மதிப்பு. அந்தச் சான்றிதழைக் காட்டிப் புது வண்டி எடுத்தா, சரக்கு வண்டிக்கு 15 சதவீதம் வரைக்கும், சொந்தக் காருக்கு 25 சதவீதம் வரைக்கும் சாலை வரிச் சலுகை கொடுக்க மாநிலங்களுக்கு வழி இருக்கு. அடுத்த வருஷம் நீங்களே கார் எடுக்கப் போறீங்கன்னா இதையும் விசாரிச்சு வெச்சுக்கோங்க. முக்கியமா, பதிவு முறைப்படி ரத்தாகி, உங்க வீட்டுப் பேர் அந்த நம்பர்லருந்து விடுபடும்.

சம்பளக்காரங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டிய மூணு ஆபத்து

1. இன்சூரன்ஸ் இல்லாம ஒரு நடை கூட கூடாது. பிடிபட்டா முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், இல்ல 3 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். அது கூடப் பெருசில்ல. யார் மேலயாவது மோதி உயிர் போனா, தீர்ப்பாயம் சொல்ற நஷ்ட ஈடு லட்சக் கணக்குல வரும். அதை வண்டி உரிமையாளர் கையிலிருந்து கட்டணும். உங்க எஸ்.ஐ.பி., எமர்ஜென்சி ஃபண்ட் எல்லாம் ஒரே நாள்ல காலி.

2. பின்னாடி ஆள் ஏத்தாதீங்க. குலதெய்வக் கோயிலுக்கு முப்பது பேரை ஏத்திட்டுப் போற பழக்கம் இன்னும் இருக்கு. சரக்கு வண்டியில சும்மா ஏறி வர்றவங்களுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பொருந்தாது. ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு மொத்தமும் உரிமையாளர் தலையில.

3. வித்தா பெயர் மாத்தியே கொடுங்க. படிவம் 29, 30-ல வெறும் கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பிடுறது நம்ம ஊர்ல சாதாரணம். ஆனா ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ, விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவர்தான் உரிமையாளர்னு உச்ச நீதிமன்றம் 2018-லயே தெளிவா சொல்லிடுச்சு. அப்பா எப்பவோ வித்த வண்டிக்கு இப்போ அப்பா பேருக்கு சம்மன் வரும். பெயர் மாற்றம் ஆன்லைன்ல தெரியுற வரைக்கும் கடைசித் தவணைப் பணத்தை விட, அந்த ஆர்.சி. மேல கண்ணு வைங்க.

லைசன்ஸ் பத்தியும் ஒரு வரி. இலகு ரக வாகன லைசன்ஸ் இருந்தா, 7,500 கிலோவுக்குள்ள உள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியிருக்கு. கார் லைசன்ஸ் வெச்சிருக்குற உங்களுக்கும் அது பொருந்தும்.

"அந்த வண்டி ஓடித்தான் உன்னைப் படிக்க வெச்சேன்"

எக்செல்ல வராத ஒரு வரி இது. நிறைய வீட்ல வண்டி நகராம நிக்கிறதுக்குக் காரணம் பணம் இல்ல, இந்த வார்த்தைதான். அதை "எமோஷன் வேற, ஃபைனான்ஸ் வேறப்பா"ன்னு ஒரே போடா போடாதீங்க. அந்த வண்டியோட சத்தம், எந்த கியர்ல இழுக்கும், கடைசியா எப்போ நோசில் மாத்துனதுன்னு எல்லாம் அவருக்குத்தான் தெரியும். படி 2-ல மெக்கானிக் வரும்போது அவரைப் பக்கத்துல வெச்சுக்கோங்க. மெக்கானிக் யார்னு அவரே சொல்லட்டும். தாமதக் கட்டணக் கணக்கை அவர் முன்னாடி, அவர் பார்க்க எழுதுங்க. தொழில் பண்ணவர். எண்ணைப் பார்த்தா உங்களை விட வேகமா புரிஞ்சுப்பாரு.

அதுக்கு அப்புறமும் "விக்க வேண்டாம், ஓடுறதை ஒரு தடவை பார்க்கணும்"னு அவர் ஆசைப்பட்டா, உங்களால முடிஞ்சா செய்யுங்க. தப்பே இல்ல. ஆனா அதை முதலீடுன்னு எழுதாதீங்க. அப்பாவுக்காகச் செய்யுற செலவுன்னு எழுதுங்க. ஒரு உச்சவரம்பு வைங்க. அந்தப் பணம் சேர்ந்த பிறகு ஆரம்பிங்க. பர்சனல் லோன், கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. போட்டுப் பண்ணாதீங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. மொத்தச் செலவு பட்ஜெட்டைத் தாண்டும்னா, படி 3-ல முதல் பாதி மட்டும் பண்ணி, சொந்த இடத்துலயே ஸ்டார்ட் பண்ணிக் காட்டலாம். அவர் கேட்டது பெரும்பாலும் அந்தச் சத்தத்தைத்தான்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. வண்டி நம்பரைப் போட்டு எஃப்.சி., வரி, ஃபைனான்ஸ், இன்சூரன்ஸ் தேதிகளை எழுதுங்க.
2. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நிலுவை எவ்வளவுன்னு கேளுங்க.
3. நின்ன நிலையில என்ன விலைன்னு ரெண்டு பேர்கிட்ட, உடைச்சா என்ன விலைன்னு ஒரு மையத்துல விசாரிங்க.
4. வீட்ல உக்காந்து "மாசம் எத்தனை நடை?"ன்னு நேர்மையா எண்ணுங்க.
5. அதுக்கு அப்புறம் மட்டும் மெக்கானிக்குக்குப் போன் பண்ணுங்க.

முடிவு எதுவா இருந்தாலும் சரி, தள்ளிப் போடாதீங்க. எஃப்.சி. முடிஞ்ச வண்டியை "அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கலாம்"னு விட்டா, அந்த ஒரு வார்த்தையோட விலை 18,250 ரூபாய்.

உங்க வீட்ல நிக்கிற வண்டி எது, எத்தனை வருஷமா நிக்குது, ஆர்.டி.ஓ.ல எவ்வளவு சொன்னாங்கன்னு கமெண்ட்ல போடுங்க. மத்தவங்களுக்கும் உதவியா இருக்கும். ஊர்ல இதே மாதிரி வண்டி வெச்சிருக்குற நண்பருக்கு இதை அனுப்பிடுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!